ஊசி இறங்கியிருக்கிறது

அந்த ஆய்வுக்கூடத்தில் அவர்கள் இருவருமே முனைவர் பட்டம் வாங்கியவர்கள். கதவில் பலகை இருந்தது, பலகையில் பட்டமும் இருந்தது. ஆனால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் ஒருத்தி அண்ணி, மற்றவள் நாத்தனார். முகத்துக்கு நேராக அல்ல, முதுகுக்குப் பின்னால். அண்ணி கீழ்த்தளத்தில் நுண்ணோக்கியை ஓட்டுகிறவள். நாத்தனார் நான்காம் மாடியில் கணக்குப் போடுகிறவள். நடுவில் ஒரு லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பராமரிக்கும் மெக்கானிக் ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

கல்யாணமே அந்த லிஃப்டால் வந்ததுதான். அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில், நுண்ணோக்கி அறைச் சுவரை ஒட்டி லிஃப்டைச் சமன்செய்யும் எதிர் எடை ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தாள். அது ஒவ்வொரு முறை நகரும்போதும் அவளுடைய படம் உதறியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். அவன் திரும்பத் திரும்ப வந்து பார்த்தான், அவள் திரும்பத் திரும்பச் சண்டை போட்டாள், கடைசியில் இருவரும் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். "புகார் குடுக்க வந்தவ புருஷனோட போனா" என்று நாத்தனார் அதை ஒரே வரியில் முடித்துக்கொள்வாள்.

அண்ணியின் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சாதாரண நுண்ணோக்கி ஒளியின் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே போனால் குருடு. எல்லாம் ஒரே மங்கல். இந்தக் கருவி குறுக்குவழியில் போகும். தங்கம் பூசிய ஒரு நுண்ணிய ஊசிமேல் லேசரைப் பாய்ச்சினால், ஒளி ஊசியின் நுனியில் குவிந்து, ஒரு மயிரிழையை ஆயிரமாக வகுத்தால் வரும் அகலத்தையும்விடச் சிறிய பொட்டாக நிற்கும். அந்தப் பொட்டு எங்கும் பயணம் போகாது. நுனியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சற்றே தள்ளினால் அணைந்துவிடும். ஊசியைப் பொருளின்மேல் தொட்டும் தொடாமலும் இறக்கி, வரிவரியாக நகர்த்தினால், பொட்டு எதன்மேல் நின்றது என்பதைச் சிதறி வரும் ஒளி சொல்லும். ஊசி இறங்கியிருக்கும்போது அந்த அறையில் இருமக்கூட முடியாது.

நாத்தனாரின் வேலை அந்தப் பொட்டைப் பற்றியதுதான். நுனியைச் சுற்றி ஒளி எப்படி நிற்கிறது, எவ்வளவு தூரம் நீள்கிறது, கீழே இருக்கும் பொருள் அதை எப்படி இழுக்கிறது என்று கணினியில் கணக்கிடுவாள். இந்தத் துறையில் அவள் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவள் வாழ்நாளில் ஓர் ஊசியைக் கையால் எடுத்ததில்லை.

"ஊசியக் கண்ணால பாக்காமலே அதுக்கு உடம்பு அளவெடுக்கறவ" என்பாள் அண்ணி.

"அவங்களுக்குக் குத்தினா போதும். எது குத்துதுன்னு தெரியவேண்டாம்" என்பாள் நாத்தனார்.

இதெல்லாம் சிரிப்போடு போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. நாத்தனாருக்கு ஸ்கூட்டர் விபத்தில் கால் முறிந்து, முழங்காலுக்குக் கீழே உலோகத் தண்டு வைத்தபிறகு சிரிப்பு போய்விட்டது. தனியாக இருந்தவள் அண்ணன் வீட்டுக்கு வந்து முன்னறையில் தங்கினாள். ஒரே அடுப்பு, ஒரே குளிர்சாதனப் பெட்டி. பெட்டியில் மேல்தட்டு ஒருத்திக்கு, கீழ்த்தட்டு மற்றவளுக்கு. நடுத்தட்டில் அண்ணன் வைக்கும் தண்ணீர்ப் புட்டியை இருவருமே கேட்காமல் எடுத்துக் குடித்தார்கள். அதே சமயத்தில் அண்ணி இயக்குநரிடம் அனுமதி வாங்கி, ஊசி இறங்கியிருக்கும் நேரமெல்லாம் லிஃப்டை நிறுத்த ஆரம்பித்தாள். லிஃப்ட் வாசலில் ஒரு பலகை தொங்கும்: ஊசி இறங்கியிருக்கிறது. அன்று நாத்தனார் நான்கு மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள்.

சம்பவம் நடந்த அன்று காலையில் அடுப்படியில் தொடங்கியது.

"இன்னிக்கு மத்தியானம் லிஃப்ட் நிக்கும். முன்னாடியே மேல போய்டு" என்றாள் அண்ணி, தேநீர் வடிகட்டிக்கொண்டே.

"அண்ணி, கால் வீங்கியிருக்கு. மத்தியானம் எனக்குக் கீழ ஒரு கூட்டம் இருக்கு. இறங்கித் திரும்ப ஏறணும். வேற நாள் பாத்துக்கக் கூடாதா?"

"புதுப் படிகம் காத்துல வெச்சா கெட்டுப்போயிடும். உன் கூட்டம் கெட்டுப்போகாது."

"என் கால் கெட்டுப்போகுமே."

"அப்ப வீட்லயே இரு. பேனாவும் பேப்பரும்தான உன் கருவி? அத எங்க வெச்சும் தேய்க்கலாம்."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றான். அவன் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் அடி என்று அவனுக்குத் தெரியும். நாத்தனார் அவனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. கதவருகே ஆணியில் அவனுடைய சாவிக்கொத்து தொங்கியது. வெளியே போகும்போது அவள் லிஃப்டின் விசைப்பெட்டிக்கான மாற்றுச் சாவியை மட்டும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அப்போதே தெரிந்துதான் செய்தாள்.

மத்தியானக் கூட்டத்துக்கு மெல்ல இறங்கி வந்துவிட்டாள். முடிந்ததும் படியைப் பார்த்தாள். முதல் மாடிவரை ஏறினாள். முழங்காலில் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுவது போலிருந்தது. படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு மாணவிகள் அவளைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே ஓடி ஏறினார்கள். அவர்கள் சிரித்தது வேறு எதற்கோதான். ஆனாலும் அவள் எழுந்து திரும்ப இறங்கி, பலகையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, விசைப்பெட்டியைத் திறந்து விசையைப் போட்டாள். லிஃப்ட் சுகமாக மேலே போயிற்று.

கீழ்த்தளத்தில் அண்ணி படத்தைப் பார்க்கும் முன்னமே மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். கை நீட்டினாள், ஆனால் ஊசியைத் தூக்குவதற்குள் சுவரின் அந்தப் பக்கம் எதிர் எடை இறங்கிக் கடந்துபோயிற்று. ஊசி படிகத்தில் குத்தி முறிந்தது. படம் இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டிருந்தது. பாதியில் நின்றது. இடது பாதியில் படிகத்தின் விளிம்பு தெளிவாக இருந்தது. வலது பாதி வெறும் கறுப்பு.

நான்கு மாடியும் படியில் ஓடியே ஏறினாள் அண்ணி. நாத்தனார் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"யாரு போட்டது லிஃப்ட?"

"நான்தான்."

பொய் சொல்வாள், அதை உடைக்கலாம் என்று வந்தவள் வேறு பக்கம் பாய்ந்தாள்.

"ஊசி இறங்கியிருக்குன்னு எழுதி மாட்டியிருக்கேனே. படிக்கத் தெரியாதா உனக்கு?"

"படிக்கத் தெரியும். ஏறத்தான் முடியல."

"அந்த ஊசி போச்சு. படிகமும் போச்சு."

"பெட்டி பெட்டியா வெச்சிருக்கீங்களே. வேற ஒண்ணு எடுத்து மாட்டுங்க, மேடம்."

அதுவரை எத்தனை சண்டையிலும் 'அண்ணி' போனதில்லை. அந்த 'மேடம்' அண்ணியின் முகத்தில் அறைந்தது போல விழுந்தது. அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் இறங்கிப் போனாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் கையை நீட்டினான்.

"சாவி."

கொடுத்தாள்.

"லிஃப்ட் கம்பெனியில கேட்டாங்க. தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டேன். எழுதி வாங்கிக்கிட்டாங்க."

"நான் எடுத்தேன்னு சொல்லவேண்டியதுதான?"

"சொல்லிட்டு? என் தங்கச்சி என் பொண்டாட்டி மேல இருக்கற கோவத்துல எடுத்தான்னு எழுதவா? அதுக்கு அந்தத் தாள்ல இடம் இல்ல." அவன் கைகழுவப் போனான். அதன்பிறகு பல நாள் அவள் கூப்பிட்டால் மட்டும்தான் பேசினான்.

பாதிப் படத்தை அண்ணி தூக்கிப் போடவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள். விளிம்புக்குச் சற்று உள்ளே, விளிம்புக்கு இணையாக, ஒரு பிரகாசமான கோடு ஓடியது. படிகத்துக்குள் ஒளி நெருக்கிப் பிழியப்பட்ட அலையாக ஓடுகிறது, ஊசிநுனியில் கிளம்பி விளிம்பில் மோதித் திரும்புகிறது, போவதும் வருவதும் கூடும் இடத்தில் அந்தக் கோடு என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வகைப் படிகத்தில் இதை யாரும் பார்த்ததில்லை. உடனே புதுப் படிகம் வைத்து, புது ஊசி மாட்டினாள். கோடு வரவில்லை. அடுத்த ஊசி. வரவில்லை. பெட்டியே காலியாகும்போல இருந்தது. வந்தது அந்த முறிந்த ஊசிக்கு மட்டும்தான்.

இருந்தும் கருத்தரங்கில் அந்தப் பாதிப் படத்தைக் காட்டினாள். முடிந்ததும் நாத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்:

"மேடம், இது அலைன்னு எப்படிச் சொல்றீங்க? ஊசிநுனி ரெட்டை மூக்கா இருந்தா ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை தெரியும். விளிம்பு ஒரு தடவை, பக்கத்துல அதோட பேய் ஒரு தடவை. நீங்க காட்டறது படிகம் இல்ல. உங்க ஊசியோட மூஞ்சி."

அரங்கில் யாரோ சிரித்தார்கள்.

"வலது விளிம்பு இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது" என்றாள் அண்ணி. "வலது பாதி ஏன் இல்லன்னு கேள்வி கேட்டவங்களே இந்தச் சபைக்குச் சொல்லட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுச் சண்டையை அலுவலகத்திலும் பார்க்க நேர்ந்த மனிதரின் களைப்பு அவர் முகத்தில் இருந்தது. கடைசியில் நாத்தனாரைப் பார்த்து, "நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க. ஊசிக் கோளாறுன்னா கருவி நேரத்த வேற குழுவுக்குக் குடுத்துடலாம்" என்றார்.

நாத்தனாருக்குத் தேடாமலே கத்தி கையில் வந்தது. மறுநாளே உட்கார்ந்தாள். இரண்டு மூக்கு வைத்த ஊசியை வரைந்தாள். ஒன்று தணிந்து, ஒன்று சற்று உயர்ந்து. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஓர் இடத்தில் கணினி காட்டிய கோடு அண்ணியின் கோட்டின்மேல் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. நாத்தனாருக்கு மனம் குளிர்ந்தது. அறிக்கையை அப்போதே எழுதி முடித்தாள். திரும்பப் படித்தாள். அதில் ஒரு பொய்கூட இல்லை. இந்தக் கோட்டை இரட்டை மூக்கால் உண்டாக்க முடியும் என்று மட்டுமே அது சொன்னது. அதுவே அண்ணியை ஒழிக்கப் போதும்.

அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். இரக்கம் வரவில்லை. இரக்கமா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவளை உறுத்தியது வேறு. கோடு பொருந்துவதற்காக மூக்கின் உயரத்தையும் இடைவெளியையும் தன் இஷ்டத்துக்கு நகர்த்தியிருந்தாள். வேறு யாராவது அப்படிச் செய்து அவளிடம் கொண்டுவந்திருந்தால், கிழித்து முகத்தில் எறிந்திருப்பாள்.

மூன்றாம் நாள் எதிரியின் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். ஒற்றை மூக்கு ஊசி, படிகத்துக்குள் அலை. சாதாரண ஊசியின் மழுங்கல் நுனிக்கு ஒன்றும் வரவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டே நுனியைக் கூர்மையாக்கிக்கொண்டு போனாள். நுனி கூர்மையாக ஆக அதைச் சுற்றி நிற்கும் ஒளியும் நுணுக்கமாயிற்று. ஓர் அளவுக்குமேல், அவ்வளவு நெருங்கிப் பிழிந்த அலையைக் கிளப்பிவிடும் வலு அதற்கு வந்தது. விளிம்புக்கு உள்ளே கோடு எழுந்தது. அதுவும் பொருந்தியது. இந்தத் தடவை அவள் தொட்டு மாற்றியது கூர்மை ஒன்றை மட்டும்தான்.

நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டே திட்டினாள். யாரைத் திட்டினாள் என்று சொல்வது கடினம்.

இயக்குநருக்கு அனுப்புமுன் இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். அண்ணி அவற்றைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கவேண்டும் என்றும் இருந்தது. அண்ணி கருங்கல் மேசையருகே நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு கணக்கும் பொருந்துது" என்றாள் நாத்தனார்.

"ரெண்டும் பொருந்தினா நீ ஒண்ணும் கண்டுபிடிக்கலன்னு அர்த்தம்."

"வலது விளிம்பப் பாத்தா தெரிஞ்சுபோயிடும். ரெட்டை மூக்குன்னா பேய்க்கோடு எப்பவும் வலது பக்கமே விழும். அங்க படிகத்துக்கு வெளிய, அடியில இருக்கற வெறும் கண்ணாடியில வரும். அலைன்னா அங்கயும் படிகத்துக்கு உள்ளதான் வரும்."

"அந்த வலது விளிம்பு எங்க போச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"உன் வாயால சொல்லு."

"நான் கெடுத்தேன். கேக்கணும்னுதான நிக்கறீங்க? நான்தான் கெடுத்தேன். இப்ப ஊசியப் பத்திப் பேசலாமா?"

அண்ணி தாள்களை வாங்கி நின்றுகொண்டே படித்தாள். முகம் எப்படியும் போகவில்லை. "இவ்வளவு கூரா இருக்கற ஊசி கடையில வராது" என்றாள்.

"ஒண்ணு வந்திருக்கே. வந்தத ஒடைச்சாச்சு. இன்னொண்ணும் வந்திருக்கலாம். பெட்டியில தேடுங்க."

அண்ணி மீதி ஊசிகளை ஒவ்வொன்றாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் படத்தையும் நான்காம் மாடிக்குக் கைப்பேசியில் அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை கிடையாது. 'போதாது' என்று பதில் வரும். அடுத்தது. 'போதாது.' அதற்கடுத்தது. 'இது ஊசியா, உலக்கையா?' வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும் பேச்சு கிடையாது. கடைசிப் பெட்டியில் ஒன்று வந்தது. நுனி ஒன்றே ஒன்று, சுத்தமாக, மற்றவற்றைவிடப் பலமடங்கு கூர். படம் போயிற்று.  பிறகு, 'மாட்டுங்க.'

அளக்கும் நாளன்று காலையில் அண்ணன் லிஃப்டின் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டித்து, பெட்டியைப் பூட்டி, அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். மனைவியும் தங்கையும் அவனைத் தாண்டிப் போனபோது, "இன்னிக்கு யாராவது இதத் தொட்டீங்க, அப்பறம் நான் யாருக்கும் புருஷனும் இல்ல, அண்ணனும் இல்ல" என்றான். 

"நீ மேல போ. முடிஞ்சதும் அனுப்பறேன்" என்றாள் அண்ணி அறை வாசலில்.

"நான் பாக்காம அளந்தா நம்பமாட்டேன்."

"என் அறையிலயே என்ன திருடின்னு சொல்றியா?"

"என் கணக்க நீங்க நம்புவீங்களா, நான் போடறத பாக்காம?"

அண்ணி கதவை விட்டு விலகினாள். "செருப்பக் கழட்டு. வாயத் திறக்காத. குரலுக்கே ஊசி ஆடும்."

தடித்த திரை, ஜன்னல் இல்லாத சுவர், கணினித் திரையின் நீல வெளிச்சம். ஒருவர் தோள் மற்றவர் தோளில் படாமல் இருக்க இடம் போதாத அறை. இருவரும் படாமல் உட்கார்ந்தார்கள். ஊசி இறங்கியது. பேச முடியாது. திட்டவும் முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் அவர்கள் ஒரே இடத்தில் வாய்மூடி இருந்ததில்லை.

படம் இடப்பக்கத்திலிருந்து வரிவரியாக வளர்ந்தது. முதலில் வெறும் கண்ணாடி. பிறகு இடது விளிம்பு. அதற்கு உள்ளே, பழைய படத்தில் இருந்த அதே தூரத்தில், கோடு எழுந்தது. இந்த ஊசிக்கும் வருகிறது. அண்ணியின் விரல் மேசை விளிம்பைப் பற்றியது. அதற்கப்புறம் படிகத்தின் நடுப்பகுதி, சலனமில்லாத சமவெளி. வெகுநேரம் ஒன்றும் இல்லை. நாத்தனாரின் கால் மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை. பழைய படம் நின்ற இடத்தைத் தாண்டியது.

கோடு முதலில் வந்தது. பிரகாசமாக, விளிம்பு வருவதற்கு முன்பே, படிகத்துக்கு உள்ளே. அதற்குப் பிறகு இருள். அதற்குப் பிறகுதான் வலது விளிம்பு. அதற்கு அப்பால் கண்ணாடியில் எந்தப் பேயும் இல்லை.

ஊசி மேலே ஏறும்வரை இருவரும் மூச்சை மட்டும் விட்டார்கள். ஏறியதும் அண்ணி, "உன் கணக்குல விளிம்புலேர்ந்து எவ்வளவு தூரம்?" என்றாள்.

நாத்தனார் சொன்னாள். அண்ணி திரையில் அளந்தாள். இரண்டு அளவும் அருகருகே வந்து நின்றன. நாத்தனாருக்கு ஒரு சந்தோஷம் தொண்டைவரை ஏறியது. தான் பார்த்தேயிராத ஒன்றை, தன் அறையில் உட்கார்ந்து, அவள் சரியாகச் சொல்லியிருந்தாள். அதை விழுங்கிக்கொண்டாள்.

"படிகத்தத் திருப்பி வெச்சு இன்னொரு தடவை எடுங்க."

"'சரி'ங்கற ஒரு வார்த்தை வராதா உன் வாயில?"

"திருப்பி எடுத்தப்பறம் வரும்."

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு படிகத்தைக் கால் வட்டம் திருப்பி வைத்தாள். மறுபடி ஊசி இறங்கியது, மறுபடி மௌனம். படிகத்தோடு சேர்ந்து கோடுகளும் திரும்பியிருந்தன, விளிம்பைவிட்டு விலகாமல்.

"சரி" என்றாள் நாத்தனார்.

"யாருக்குச் சொல்றே?"

"படத்துக்கு."

அண்ணி விளக்கைப் போட்டாள். இருவர் கண்ணும் கூசியது. "ஒண்ணு கேக்கறேன். அந்த ரெட்டை மூக்குக் கணக்க மட்டும் மேல குடுத்திருந்தா நான் இந்த அறையக் காலி பண்ணியிருப்பேன். ஏன் குடுக்கல?"

"கணக்கு அரைகுறையா இருந்தது."

"எனக்காக இல்ல."

"உங்களுக்காக இல்ல."

"நல்லதாப் போச்சு. நன்றி சொல்ற வேலை மிச்சம்."

கட்டுரை எழுதியபோது அடுத்த போர் நடந்தது. யார் பெயர் முதலில் என்பதில் தொடங்கி, ஊசிநுனியைச் சுற்றியுள்ள ஒளியை விவரிக்கும் ஒரு வாக்கியத்தில் போய் நின்றது. அந்த ஒரு வாக்கியத்தை இருவரும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். இயக்குநர் அதை எடுத்தே விடச் சொன்னார். அப்போது மட்டும் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். வாக்கியம் இருந்தது. கட்டுரை வந்தது, பேசப்பட்டது. பாராட்டுக் கூட்டத்தில் இருவரும் மேடையின் இரண்டு மூலைகளில் நின்றார்கள்.

ஆனால் சாவி தொலைந்த விவகாரம் அப்படியே போய்விடவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது லிஃப்ட் வேலை வேறு கம்பெனிக்குப் போயிற்று. அண்ணனுக்கு வேறு ஊரில்தான் வேலை கிடைத்தது. அண்ணியும் அங்கே ஓர் ஆய்வகத்தில் இடம் தேடிக்கொண்டாள். அவளுக்கு அங்கே கருவி சின்னது, பதவி பெரியது. சாமான் ஏற்றும் நாளில் நாத்தனார் அண்ணனிடம் போய் நின்றாள்.

"என்னாலதான் போச்சு உன் வேலை."

"ஆமா" என்றான். சமாதானம் சொல்வான் என்று எதிர்பார்த்தவள் தடுமாறினாள். அவன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டை போட ஊசியாவது இருந்துச்சு. நான் எதுக்காக அடி வாங்கினேன்னு எனக்கு இன்னும் தெரியல. உடம்பப் பாத்துக்கோ."

அண்ணி வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கவில்லை.

வீடு நாத்தனாருக்கே ஆயிற்று. கீழ்த்தளத்துக்குப் புதிய ஆள் ஒருவன் வந்தான். மென்மையானவன், சுத்தமானவன். அவள் எதைச் சொன்னாலும், "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அவள் வேண்டுமென்றே ஒரு தடவை தப்பாகச் சொன்னாள். "சரியாத்தான் இருக்கும்" என்றான். அவன் அனுப்பும் படங்களில் ஊசி மழுங்கியிருந்தால்கூட அவனுக்குத் தெரியவில்லை. அவள் பதில் எழுதுவதை நிறுத்தினாள்.

அண்ணி புது ஊரிலிருந்து இரண்டாவது படிகத்தைப் பற்றி ஒரு படம் வெளியிட்டிருந்தாள். இந்தத் தடவை கணக்கு வேறு யாரோ போட்டிருந்தார்கள். நாத்தனார் அதை ஒரு முற்பகல் முழுக்கப் பார்த்தாள். கோடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. தானே போட்டுப் பார்த்தாள். அவளுக்கும் பொருந்தவில்லை. அண்ணனுக்கு போன் செய்தாள்.

"அவங்ககிட்ட குடு."

அந்தப் பக்கம் முணுமுணுப்பு. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"என்ன?" என்றாள் அண்ணி.

"அந்தப் படிகத்தோட தடிமன் என்ன? கட்டுரையில போட்டிருக்கறது தப்பு."

"தப்பு இல்ல. நானே அளந்தது. உன் கணக்குல ஊசிய நெட்டுக்குத்தா நிக்கவெச்சிருப்பே. இந்தக் கருவியில ஊசி சாஞ்சு நிக்கும். அதக்கூடக் கேக்காம போன எடுத்துட்டியா?"

வைத்துவிட்டாள்.

நாத்தனார் ஊசியைச் சாய்த்தாள். எந்தப் பக்கம் என்று அண்ணி சொல்லவில்லை, முதலில் விளிம்பை நோக்கிச் சாய்த்தாள். கணினி ஓடி முடித்தபோது கோடு இன்னும் தள்ளிப் போயிருந்தது, முன்பைவிட மோசமாக. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இருந்த தலைவலி போயிருந்தது. போனை எடுத்து, இந்தத் தடவை நேராக அண்ணியின் எண்ணையே அழுத்தினாள்.